உணவுப் பொருள்களிலிருந்து தாவரச் சேர்மங்களைச் சாறு இறக்குதல்: சூழலுக்கு இயைந்த முறைகள் – மஞ்சளைச் சான்றாகக் கொண்ட ஒரு விளக்கம்

0. முன்னுரை

உணவுப் பொருளின் நிறம், மணம், காரம், மருந்துப் பண்பு ஆகியவற்றுக்கு அதிலுள்ள தாவரச் சேர்மங்களே காரணமாகின்றன. மிளகின் காரத்திற்குப் பைப்பரினும், மிளகாயின் காரத்திற்குக் காப்சைசினும், தக்காளியின் செம்மைக்கு லைக்கோபீனும், மஞ்சளின் பொன்னிறத்திற்குக் குர்குமினும் காரணம் என்பதை அறிவோம். இவற்றை அளந்தறிய வேண்டுமாயின், முதற்கண் அவற்றை உணவுப் பொருளின் உள்ளிருந்து வெளிக்கொணர்ந்து ஒரு நீர்மத்தில் கரைந்த நிலையில் பெறுதல் வேண்டும். இச்செயலே சாறு இறக்குதல் எனப்படுகிறது.

பகுப்பாய்வு பற்றிய நூல்களில் அளக்கும் கருவிகளுக்குக் கிடைக்கும் இடம் சாறு இறக்கும் செயலுக்குக் கிடைப்பதில்லை. ஆயினும், ஆய்வகத்தில் மிகுதியான கரைப்பானும், வெப்பமும், நேரமும் செலவாவது இச்செயலில்தான். ஆய்வகத்தின் கழிவு நீர்மங்களில் பெரும்பகுதி இங்கிருந்தே தோன்றுகிறது. கருவி எத்துணை நுட்பமானதாயினும், சாற்றில் வந்து சேராத சேர்மத்தை அதனால் அளக்க இயலாது. எனவே, சூழலுக்கு இயைந்த முறைகளை நாடும் முயற்சி இரண்டு கடமைகளை ஒருங்கே தாங்கி நிற்கிறது. ஒன்று, தீங்கு குறைத்தல்; மற்றொன்று, அளவின் உண்மையைக் காத்தல். இவ்விரண்டும் எவ்வாறு இணைகின்றன, எங்கே முரண்படுகின்றன என்பதை மஞ்சளைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் பொருளும்

தமிழில் இத்துறை பற்றி எழுதுவோர் ‘பிரித்தெடுத்தல்’, ‘சாறு இறக்குதல்’ என்னும் இரு சொற்களையும் ஒரே பொருளில் ஆளுவதுண்டு. இவற்றை வேறுபடுத்திக் காண்பது நலம். மஞ்சள் தூளை எத்தனாலில் இட்டு, நிறம் முழுவதும் நீர்மத்தில் இறங்குமாறு செய்வது சாறு இறக்குதல். அவ்வாறு இறங்கிய சாற்றில் குர்குமின், எண்ணெய், பிசின், கொழுப்பு எனப் பலவும் கலந்திருக்கும். அவற்றை ஒன்றினின்று ஒன்றாகத் தனிப்படுத்துவது பிரித்தல். முன்னது திண்மத்திலிருந்து நீர்மத்திற்குச் செல்லும் இடப்பெயர்ச்சி. பின்னது கலவையின் பகுப்பு. இவ்வேறுபாட்டை மனத்துட் கொண்டாலன்றி முறைகளை ஒப்பிடுதல் இயலாது.

இச்செயலின் அடிப்படைகள் நமக்குப் புதியன அல்ல. சித்த மருத்துவ நூல்கள் மருந்தின் வடிவங்களை வகைப்படுத்துமிடத்துச் சாறு, குடிநீர், எண்ணெய், தீநீர் முதலியவற்றைத் தனித்தனியே கூறுகின்றன. பச்சிலையை இடித்துப் பிழிவது சாறு. சரக்கை நீரிலிட்டுக் காய்ச்சி வடிப்பது குடிநீர். எண்ணெயில் காய்ச்சிச் சத்தை இறக்குவது மருந்தெண்ணெய். ஆவியாக்கிக் குளிர்வித்துப் பெறுவது தீநீர். இவ்வகைப்பாடு, எந்தப் பொருளை எந்த ஊடகத்தால் பெறலாம் என்னும் பட்டறிவின் வெளிப்பாடு எனலாம். ஓமத்தின் மணப்பொருள் ஆவியோடு எழும் இயல்பினது. ஆதலின் ஓமம் தீநீராக வடிக்கப்படுகிறது. கடுக்காயின் துவர்ப்புப் பொருள் நீரில் கரையும். ஆதலின் அது குடிநீராகிறது. கரைப்பானைத் தேர்தல், வெப்பம் ஊட்டல், நேரம் கொடுத்தல், இடித்துப் புறப்பரப்பைப் பெருக்குதல் ஆகிய நான்கும் அன்றும் இன்றும் சாறு இறக்குதலின் நான்கு கூறுகளாகும்.

2. மஞ்சளும் அதன் சேர்மங்களும்

மஞ்சளின் நிறப்பொருளை 1815-இல் ஃபோகல், பெல்த்தியே என்னும் இருவர் தனிப்படுத்தினர். அதன் மூலக்கூறு அமைப்பை 1910-இல் மிலோபெட்ஸ்கா, கோஸ்டனெட்ஸ்கி, லாம்ப்பே ஆகியோர் நிறுவினர். இன்று குர்குமின் என ஒருமையில் வழங்கப்பெறுவது உண்மையில் மூன்று சேர்மங்களின் தொகுதியாகும். குர்குமினும், அதிலிருந்து மெத்தாக்சித் தொகுதிகளில் ஒன்று குறைந்ததும் இரண்டும் குறைந்ததுமான வேறிரு சேர்மங்களும் மஞ்சளில் சேர்ந்தே காணப்படுகின்றன. இம்மூன்றையும் ஒருங்கே குர்குமினாய்டுகள் என்பர். உலர்ந்த மஞ்சளில் இவை பெரும்பாலும் 2 முதல் 5 விழுக்காடு வரை அமைகின்றன. ஆலப்புழை விரலி மஞ்சளும், மேகாலயத்தின் இலக்கடாங் மஞ்சளும் இவ்வகையில் உயர்ந்த அளவுக்குப் பெயர் பெற்றவை.

சாறு இறக்குவோர் கருத்திற்கொள்ள வேண்டிய இயல்புகள் நான்கு உள. முதலாவது, குர்குமின் நீரில் மிகக் குறைவாகவே கரையும். எத்தனால், அசிட்டோன் ஆகியவற்றில் நன்கு கரையும். ஹெக்சேன் போன்ற முனைவுத்தன்மையற்ற கரைப்பான்களில் கரைவது அரிது. இரண்டாவது, அது ஒளியால் சிதையும். காரத்தன்மை மிக்க நீரில் விரைந்து அழியும். 37 செல்சியசு வெப்பநிலையில், 7.2 என்னும் காரகாடித்தன்மை எண் கொண்ட நீர்க்கரைசலில், அரை மணி நேரத்தில் அதன் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடுவதாக 1997-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. மூன்றாவது, மஞ்சளின் மணத்திற்குக் காரணமான எளிதில் ஆவியாகும் எண்ணெய் வேறு இயல்பினது; டர்மரோன்கள் எனப்படும் அதன் முதன்மைக் கூறுகள் முனைவுத்தன்மை குறைந்தவை. நான்காவது, அறுவடைக்குப் பின் மஞ்சளை வேகவைத்து உலர்த்துவது வழக்கம். வேகும்பொழுது மாவுப்பொருள் பசையாகி, உலர்ந்தபின் கெட்டிப்பட்டு, நிறப்பொருளைத் தன்னுள் சிறைப்படுத்திக் கொள்கிறது. மஞ்சள் கிழங்கை உடைத்தால் கொம்புபோல் கெட்டியாகத் தோன்றுவது இதனாலேயே. கரைப்பான் இப்பசையினுள் ஊடுருவிச் சென்றாலன்றி நிறம் முழுவதும் வெளிவாராது.

3. பழைய முறையும் அதன் விலையும்

செருமானிய வேளாண் வேதியியலறிஞர் ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் பாலின் கொழுப்பை அளத்தற்பொருட்டு 1879-இல் ஒரு கண்ணாடிக் கருவியை அறிமுகப்படுத்தினார். குடுவையில் கொதிக்கும் கரைப்பான் ஆவியாகி மேலெழுந்து, குளிர்ந்து, சரக்கு வைத்த உறையின்மேல் சொட்டும். உறை இருக்கும் அறை நிரம்பியதும் சாறு முழுவதும் வளைகுழாய் வழியே குடுவைக்குத் திரும்பும். இச்சுழற்சி தொடர்வதால், சரக்கின்மேல் எப்பொழுதும் தூய கரைப்பானே விழுகிறது. இவ்வெளிய அமைப்பின் சிறப்பால், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகின் ஆய்வகங்களில் சாக்ஸ்லெட் கருவி நிலைபெற்றுள்ளது. புதிய முறை எதுவாயினும் இன்றும் இதனோடு ஒப்பிட்டே மதிப்பிடப்படுகிறது.

ஆயின் அதன் செலவு பெரிது. 10 கிராம் சரக்கிற்கு 150 முதல் 250 மில்லிலிட்டர் வரை கரைப்பான் வேண்டும். கொதித்தல் 6 மணி முதல் 16 மணி வரை நீள்வதுண்டு. குளிர்விக்கும் நீர் நிமிடத்திற்கு ஒரு லிட்டர் வீதம் ஓடுமாயின், 8 மணி நேரத்தில் 480 லிட்டர் நீர் வடிகாலுக்குச் செல்லும். இது 10 கிராம் மஞ்சளைச் சோதிப்பதற்கான செலவு என்பது எண்ணத்தக்கது.

கரைப்பானின் தீங்கு இதனினும் பெரிது. உணவுத்துறையில் மிகுதியாக வழங்கும் ஹெக்சேன் பாறை எண்ணெயிலிருந்து பெறப்படுவது. அது உடலினுள் 2,5-ஹெக்சேன்டையோன் என்னும் பொருளாக மாறிக் கைகால்களின் நரம்புகளைத் தாக்குகிறது. நாள்தோறும் அதன் ஆவியைச் சுவாசிக்கும் தொழிலாளர்க்கு உணர்விழப்பும் தசைத் தளர்ச்சியும் நேர்ந்தமை மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேமன் நகர வணிகர் லூட்விக் ரோசிலியஸ் காப்பிக் கொட்டையிலிருந்து கஃபீனை நீக்குவதற்குப் பென்சீனைப் பயன்படுத்தினார். பென்சீன் புற்றுநோய் விளைவிப்பது எனப் பின்னர்த் தெளிந்தது. ஒரு தலைமுறை ஏற்ற கரைப்பானை அடுத்த தலைமுறை விலக்க நேர்ந்தமைக்கு இது ஒரு சான்று.

மசாலாப் பொருள்களின் எண்ணெய்ப்பிசின் தயாரிப்பில் இந்தியா, குறிப்பாகக் கேரளம், உலக அளவில் முதன்மையிடம் பெற்றுள்ளது. இவ்வெண்ணெய்ப்பிசின்கள் அயல்நாடுகளுக்குச் செல்லும்பொழுது அவற்றில் எஞ்சியுள்ள கரைப்பான் சோதிக்கப்படுகிறது. அமெரிக்க ஒன்றிய நாடுகளின் உணவு விதிகள் மசாலா எண்ணெய்ப்பிசினில் ஹெக்சேன் பத்து இலட்சத்தில் 25 பங்கையும், அசிட்டோன் 30 பங்கையும் மீறலாகாது எனக் கூறுகின்றன. ஆகவே, கரைப்பானைப் பற்றிய கவலை ஆய்வகத்தோடு நிற்பதன்று. தொழிலாளர் நலம், உண்போர் நலம், ஏற்றுமதி ஆகிய மூன்றையும் அது தொடுகிறது.

4. ‘சூழலுக்கு இயைந்தது’ என்பதன் பொருள்

பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் ஆகிய இருவரும் 1998-இல் வெளியிட்ட நூலில் பசுமை வேதியியலுக்குப் பன்னிரண்டு நெறிகளை வகுத்தனர். கழிவை அகற்றுவதைக் காட்டிலும் கழிவு தோன்றாமற் காப்பது மேல் என்பது அவற்றுள் முதலாவது. இயற்கைப் பொருள்களைச் சாறு இறக்குதலுக்கென்றே ஆறு நெறிகளை ஃபரீத் ஷெமாவும் அவர்தம் உடனாய்வாளரும் 2012-இல் முன்வைத்தனர். மீளத்தோன்றும் தாவர மூலங்களைப் பயன்படுத்தல், நீர் அல்லது தாவரவழிக் கரைப்பான்களை நாடுதல், ஆற்றலைக் குறைத்தல், கழிவுக்கு மாற்றாக இணைவிளைபொருள்களைப் பெறுதல், செயற்படிகளைச் சுருக்கிப் பாதுகாப்பைப் பெருக்குதல், கலப்படமற்ற, சிதையாத சாற்றைப் பெறுதல் என்பன அவை.

இவற்றுள் இறுதி நெறி தனியே சுட்டத்தக்கது. தூய்மையற்ற அல்லது குறைபட்ட சாற்றைத் தரும் முறை, கரைப்பானைச் சேமித்தாலும் பசுமை முறை ஆகாது என்பது இதன் உட்கருத்து.

5. முறைகள்

5.1 எத்தனாலும் பிற தாவரவழிக் கரைப்பான்களும்

மிக எளிய மாற்றம் கருவியை மாற்றுவதன்று, கரைப்பானை மாற்றுவதே. கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து பெறும் எத்தனால், ஆரஞ்சுத் தோலிலிருந்து பெறும் லிமோனீன், எத்தில் அசிட்டேட் ஆகியன இவ்வகையின. சோளத் தக்கை, கரும்புச் சக்கை ஆகியவற்றிலிருந்து பெறத்தக்க 2-மெத்தில்டெட்ராஹைட்ரோஃபியூரானை 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவுச் சாறு இறக்கும் கரைப்பான்களின் பட்டியலில் சேர்த்தது. குர்குமினைப் பொறுத்தவரை எத்தனால் போதுமானது. சிறிதளவு நீர் கலந்த எத்தனால், கெட்டிப்பட்ட மாவுப்பசையைச் சற்றே ஊறச்செய்து ஊடுருவுதலை எளிதாக்குகிறது. நீர் மிகுந்தால் குர்குமினின் கரைதிறன் குறைகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட விகிதத்தைத் தேர்வதே திறன்.

5.2 மீயொலி முறை

மனிதச் செவி உணரும் எல்லைக்கு மேற்பட்ட, அஃதாவது நொடிக்கு 20,000 அதிர்வுகளைக் கடந்த ஒலி மீயொலியாகும். இது நீர்மத்தில் செல்லும்பொழுது அழுத்தம் மாறிமாறிக் குறைந்தும் கூடியும் வருவதால் நுண்குமிழிகள் தோன்றி வளர்ந்து நொறுங்குகின்றன. சரக்குத் துகளின் அருகே குமிழி நொறுங்கும்பொழுது நீர்மம் ஊசிமுனை போல் துகளின்மேல் பாய்ந்து உயிரணுச் சுவரைத் துளைக்கிறது. இதனால், மணிக்கணக்கில் நிகழ வேண்டிய ஊடுருவல் அறை வெப்பநிலையை ஒட்டிய வெப்பத்திலேயே நிமிடக்கணக்கில் நிகழ்கிறது. கருவி எளியது, கண்ணாடிக் கலன்களைத் தூய்மை செய்யப் பயன்படும் மீயொலித் தொட்டியே தொடக்கநிலை ஆய்வுகளுக்குப் போதும். ஆயின், தொட்டியின் எல்லா இடங்களிலும் ஒலியின் வலிமை ஒன்றாக இருப்பதில்லை. குடுவையின் இடம், நீரின் மட்டம் ஆகியவற்றைக் குறித்து வைத்தாலன்றி முடிவுகள் ஒத்துவாரா. நெடுநேரம் ஒலியூட்டினால் நீர்மம் சூடேறிச் சேர்மம் சிதைதலும் உண்டு.

5.3 நுண்ணலை முறை

வீட்டு நுண்ணலை அடுப்பில் பயன்படும் 2.45 கிகாஹெர்ட்சு அலைகளே இங்கும் பயன்படுகின்றன. 1986-இல் ஹங்கேரி நாட்டு ஆய்வாளர் கன்சிலரும் அவர்தம் குழுவினரும் மண், விதை, உணவு ஆகியவற்றின் ஆய்வுக்கு இம்முறையை முன்வைத்தனர். பிற முறைகளில் வெப்பம் கலத்தின் சுவரிலிருந்து உள்நோக்கிச் செல்கிறது. இங்கோ, முனைவுத்தன்மையுள்ள மூலக்கூறுகளே அலைகளை ஏற்றுச் சூடாகின்றன. உயிரணுவினுள் இருக்கும் ஈரம் ஆவியாகி அழுத்தம் பெருக, சுவர் உள்ளிருந்து வெடிக்கிறது. ஈரமுள்ள சரக்கிற்கு இம்முறை மிகவும் பொருந்தும். உலர்ந்த மஞ்சள் தூளை முதலில் சிறிது நீரில் ஊறவைத்துப் பின்னர் அலையூட்டுவது இதனாலேயே. எத்தனால் எளிதில் தீப்பற்றுவது. ஆதலின் வீட்டு அடுப்பை ஆய்வகப் பணிக்குப் பயன்படுத்தலாகாது. இதற்கெனப் பாதுகாப்புடன் அமைந்த கருவிகளே வேண்டும்.

5.4 அழுத்த வெந்நீர் முறை

நீர் மலிவானது, தீங்கற்றது. ஆயினும் முனைவுத்தன்மை மிக்கதாதலின் பல தாவரச் சேர்மங்களைக் கரைப்பதில்லை. இக்குறையை வெப்பம் மாற்றவல்லது. 25 செல்சியசு வெப்பநிலையில் நீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 78. கொதித்து ஆவியாகாவண்ணம் அழுத்தத்தில் வைத்து 250 செல்சியசுக்குச் சூடாக்கினால் அது ஏறத்தாழ 27 ஆகக் குறைகிறது. அறை வெப்பநிலையில் மெத்தனாலின் மதிப்பு 33, எத்தனாலின் மதிப்பு 24 என்பதை நோக்க, சூடான நீர் சாராயத்தின் இயல்பை எய்துகிறது எனலாம். ஆறியபின் அது மீண்டும் வெறும் நீரே. துவர்ப்புப் பொருள்கள் முதலிய பாலிஃபீனால்களைப் பழத்தோல், தவிடு போன்றவற்றிலிருந்து பெறுதற்கு இம்முறை நன்கு பயன்படுகிறது. வெப்பத்தால் எளிதிற் சிதையும் சேர்மங்களுக்கு இது ஏற்றதன்று.

5.5 கரியமில வாயு முறை

ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு நிலைமாறு வெப்பநிலையும் ஒரு நிலைமாறு அழுத்தமும் உண்டு. அவ்விரண்டையும் கடந்த நிலையில் அது வாயுவும் அன்று, நீர்மமும் அன்று. வாயுவைப்போல் ஊடுருவி, நீர்மத்தைப்போல் கரைக்கும் பாய்மமாக நிற்கிறது. இந்நிலையில் உப்புகள் கரைவதை ஹன்னே, ஹோகார்த் என்னும் இருவர் 1879-இல் அறிவித்தனர். சாக்ஸ்லெட் தம் கருவியை வெளியிட்டதும் அதே ஆண்டில் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. ஒன்று உடனே ஆய்வகங்களுள் புகுந்தது. மற்றொன்று தொழிலுக்கு வர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. செருமனியின் மாக்ஸ் பிளாங்க் நிலக்கரி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குர்ட் சோசல் 1960-களில் மேற்கொண்ட ஆய்வுகளின் பயனாகவே காப்பியிலிருந்து கரியமில வாயுவால் கஃபீனை நீக்கும் தொழில்முறை தோன்றியது.

கரியமில வாயுவின் நிலைமாறு வெப்பநிலை 31.1 செல்சியசு, நிலைமாறு அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 73 மடங்கு. இவ்வளவு தாழ்ந்த வெப்பத்தில் செயற்படுவதால் மணப்பொருள்கள் சிதைவதில்லை. அழுத்தத்தைத் தளர்த்தியவுடன் வாயு தானே நீங்கிவிடுவதால் எஞ்சிய கரைப்பான் என்னும் சிக்கலே எழுவதில்லை. வாயுவை மீண்டும் அழுத்திப் பயன்படுத்தலாம்.

எனினும், இது எல்லாச் சேர்மங்களுக்கும் பொருந்துவதன்று என்பதை மஞ்சளே மெய்ப்பிக்கிறது. முனைவுத்தன்மையற்ற கரியமில வாயு மஞ்சளின் மண எண்ணெயை எளிதில் கரைத்துக் கொணர்கிறது. குர்குமினையோ பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறது. எத்தனாலைத் துணைக்கரைப்பானாகச் சேர்த்தால் நிலை ஓரளவு மேம்படும். இக்குறையையே நிறைவாக்கிக் கொள்ளுதலும் கூடும். முதலில் கரியமில வாயுவால் எண்ணெயைப் பெற்று, அதன்பின் எஞ்சிய தூளிலிருந்து எத்தனாலால் குர்குமினைப் பெற்று, இறுதியில் மாவுப்பொருளைத் தனியே பயன்கொள்ளலாம். கழிவு என்பது இணைவிளைபொருளாக மாறும் நெறிக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

5.6 தாழுருகு கலவைகளும் கரைதுணைப் பொருள்களும்

இரண்டு திண்மங்களைத் தக்க விகிதத்தில் கலந்தால், இரண்டினும் மிகத் தாழ்ந்த வெப்பத்தில் உருகும் கலவை கிடைப்பதுண்டு. கோலின் குளோரைடு 302 செல்சியசிலும் யூரியா 133 செல்சியசிலும் உருகுபவை. இவற்றை ஒன்றுக்கு இரண்டு என்னும் மூலக்கூற்று விகிதத்தில் கலந்தால், கலவை 12 செல்சியசிலேயே உருகிவிடுவதை இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆண்ட்ரூ ஆபட்டும் குழுவினரும் 2003-இல் வெளியிட்டனர். சருக்கரை, கரிம அமிலம், அமினோ அமிலம் ஆகிய உணவுப் பொருள்களைக் கொண்டே இத்தகைய கலவைகளை ஆக்கலாம் என்பதை லைடன் பல்கலைக்கழகத்தார் 2011-இல் எடுத்துரைத்தனர். இவை ஆவியாவதில்லை, எளிதில் தீப்பற்றுவதில்லை, நீரில் கரையாத பல சேர்மங்களைக் கரைக்கின்றன. ஆயின் தேன்போல் கெட்டியானவை. சிறிது நீர் சேர்த்தே பயன்படுத்த வேண்டியுள்ளது. ஆவியாகாமை இங்கு நன்மையும் தீமையும் ஆகிறது. சாற்றிலிருந்து கரைப்பானை ஆவியாக்கி நீக்க இயலாது. சேர்மத்தைப் பெற நீரூற்றிப் படியவைத்தல் போன்ற வேறு வழி காண வேண்டும்.

இதனோடு ஒத்த மற்றொரு வழி, நீரிலேயே கரைதுணைப் பொருள்களைச் சேர்ப்பது. இவை நீரில் கரையாதவற்றைக் கரையச் செய்யும் சிறிய மூலக்கூறுகளாகும். இன்று வேதித் தொழில்நுட்ப நிறுவனம் என வழங்கும் மும்பை நிறுவனத்தில் விலாஸ் கைகரும் அவர்தம் மாணாக்கரும் 2000-களின் தொடக்கத்தில் மிளகின் பைப்பரினையும் மஞ்சளின் குர்குமினாய்டுகளையும் இவ்வழியில் நீரைக்கொண்டே பெற்றனர். கரைதுணைப் பொருள் மிகுந்த நீரில் கரையும் சேர்மம், மேலும் நீர் ஊற்றியவுடன் கரைதிறன் குறைந்து படிந்துவிடும். கரிமக் கரைப்பானும் அதனை ஆவியாக்கும் வெப்பமும் இங்கு வேண்டப்படாமை இதன் சிறப்பு.

6. அளவின் உண்மை

மஞ்சளின் குர்குமின் அளவு வெறும் ஆய்வுச் செய்தியன்று. எண்ணெய்ப்பிசின் ஆலைகளும் மருந்து நிறுவனங்களும் மஞ்சளை வாங்கும்பொழுது அவ்வெண்ணை நோக்குகின்றன. 4 விழுக்காடு குர்குமின் உள்ள மஞ்சளிலிருந்து ஒரு முறை நூற்றுக்கு 80 பங்கை மட்டுமே இறக்குமாயின், ஆய்வறிக்கை 3.2 என்றே காட்டும். உழவர்க்குச் சேரவேண்டிய விலையை ஆய்வகத்தின் குறை பறித்துவிடும். முறை பசுமையானது என்பது அவர்க்கு ஆறுதல் ஆகாது.

இவ்விடத்து மூன்று செய்திகள் கருதத்தக்கன.

முதலாவது, மீட்புச் சோதனையின் எல்லை. அளவறிந்த தூய குர்குமினை மஞ்சள் தூளில் சேர்த்து, அது முழுவதும் மீளக் கிடைக்கிறதா என நோக்குவது வழக்கம். ஆயின், வெளியிலிருந்து சேர்த்த குர்குமின் துகளின் மேற்பரப்பில் கிடப்பது; இயல்பாய் உள்ள குர்குமினோ கெட்டிப்பட்ட மாவுப்பசையினுள் சிறைப்பட்டிருப்பது. முன்னது நூறு விழுக்காடு மீண்டாலும் பின்னது முழுவதும் இறங்கிற்று எனக் கொள்ளுதல் தவறாகும். ஆதலின், எஞ்சிய சக்கையை மீண்டும் மீண்டும் புதிய கரைப்பானில் இட்டு, நிறம் இறங்காத நிலை வரும்வரை நோக்குதல் வேண்டும்.

இரண்டாவது, கரைப்பானைப் பகுத்து ஊற்றுதல். ஒவ்வொரு முறையும் எஞ்சியதில் நூற்றுக்கு 80 பங்கு இறங்குவதாகக் கொள்வோம். முதல் முறையில் 80, இரண்டாம் முறையில் 96, மூன்றாம் முறையில் 99.2 என மொத்தம் உயர்கிறது. மிகுதியான கரைப்பானை ஒருமுறை ஊற்றுவதைக் காட்டிலும் சிறிது சிறிதாக மும்முறை ஊற்றுவது கரைப்பானையும் சேமிக்கும், அளவையும் நிறைவாக்கும். பசுமையும் உண்மையும் ஒன்றையொன்று துணைசெய்யும் இடம் இது. இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டா.

மூன்றாவது, அளக்கும் முறையின் தெளிவு. குர்குமினின் எத்தனால் கரைசல் 425 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஒளியை மிகுதியாக உட்கவர்கிறது. மஞ்சளின் நிறத்திறனை நிறமாலை ஒளிமானியால் அளக்கும் அனைத்துலகத் தரமுறை 1982-இல் வெளியிடப்பட்டது. இம்முறை எளியது, ஆயின் மூன்று குர்குமினாய்டுகளையும் வேறுபடுத்தாது. ஒத்த அலைநீளத்தில் ஒளியை உட்கவரும் கலப்படச் சாயம் இருப்பின் அதனையும் சேர்த்தே எண்ணும். உயர்திறன் நீர்ம வண்ணப்பிரிகை முறை இக்குறைகளை நீக்கும். ஆனால் அது தன்பங்கிற்கு அசிட்டோநைட்ரைல், மெத்தனால் ஆகிய நச்சுக் கரைப்பான்களைச் செலவிடுகிறது. சாறு இறக்குவதில் சேமித்ததை அளப்பதில் இழக்கலாகாது என்பதால், முழுச் செயன்முறையையும் ஒன்றாக வைத்தே மதிப்பிட வேண்டியுள்ளது.

7. பசுமையை மதிப்பிடுதல்

இவ்வாறு முழுமையாக மதிப்பிடும் அளவுகோல்கள் அண்மையில் தோன்றியுள்ளன. 2012-இல் முன்வைக்கப்பெற்ற ஓர் அளவுகோல் நூறு மதிப்பெண்ணில் தொடங்கி, ஒவ்வொரு தீய வேதிப்பொருளுக்கும் ஆற்றற் செலவுக்கும் கழிவுக்கும் மதிப்பெண்ணைக் கழிக்கிறது. 75-க்கு மேல் எஞ்சின் சிறந்தது எனக் கொள்ளப்படும். 2020-இல் வெளிவந்த மற்றொன்று பன்னிரண்டு கூறுகளைத் தனித்தனியே நோக்கிச் சுழியத்திற்கும் ஒன்றிற்கும் இடைப்பட்ட மதிப்பைத் தருகிறது.

இவை பயனுடையன எனினும் இடத்தின் இயல்பையும் உடன்வைத்து நோக்க வேண்டும். கரியமில வாயுக் கருவி கரைப்பானைச் சேமிக்கிறது. ஆயின் உயர் அழுத்தத்தைத் தாங்கும் எஃகுக் கலனும் ஏற்றியும் விலைமிக்கவை. அதை இயக்கும் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருமாயின், அச்செலவையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். எத்தனால் தீங்கு குறைந்தது. ஆயின் இந்தியாவில் அது மாநிலங்களின் ஆயத்தீர்வை விதிகளுக்கு உட்பட்டது. உரிமம் பெறும் இடர்ப்பாட்டால், நஞ்சான மெத்தனாலைக் கல்லூரி ஆய்வகங்கள் எளிதாகப் பெறுகின்றன. நஞ்சு குறைந்த எத்தனாலைப் பெறுவதோ அரிதாகிறது. இயற்கைப் பொருள்களால் ஆன கலவை என்பதனாலேயே அது தீங்கற்றது எனவும் கொள்ளலாகாது. அதன் கூறுகள் எங்ஙனம் ஆக்கப்படுகின்றன, பயன்பாட்டிற்குப்பின் எங்கே செல்கின்றன என்பனவும் கேட்கத்தக்க வினாக்களே.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. சாறு இறக்குதலில் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு பசுமை முறை இல்லை. சேர்மத்தின் இயல்பே முறையைத் தீர்மானிக்கிறது. மஞ்சளின் எண்ணெய்க்குக் கரியமில வாயு பொருந்தும். குர்குமினுக்கு எத்தனாலும் மீயொலியும் பொருந்தும். புதிய முறையை ஏற்கும்முன் சக்கையில் எஞ்சியிருப்பதைச் சோதித்தல் இன்றியமையாதது. விலைமிக்க கருவிகள் இல்லாத ஆய்வகமும் இன்றே செய்யத்தக்கன பல உள: சரக்கின் அளவைக் குறைத்தல், தூளை நுண்ணியதாக்கல், கரைப்பானைப் பகுத்து ஊற்றுதல், குளிர்விக்கும் நீரைச் சுழலவிடல், ஹெக்சேனையும் குளோரின் கலந்த கரைப்பான்களையும் தவிர்த்தல், கழிவை வடிகாலில் ஊற்றாது தனியே சேர்த்தல் என்பன அவை.

மொழி வகையிலும் ஆற்ற வேண்டிய பணி உண்டு. சாறு, ஊறல், குடிநீர், தீநீர், வடித்தல், இறக்குதல், படியவைத்தல் என நம் மருத்துவத்திலும் அடுக்களையிலும் வழங்கும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு செயன்முறையைத் துல்லியமாகச் சுட்டுகின்றன. கலைச்சொல்லாக்கத்தில் இவற்றை ஒரே சொல்லின்கீழ் அடக்கிவிடாது, அவற்றின் வேறுபாட்டைப் பேணி ஆளுவோமாயின், மாணவர்க்கு முறைகளின் வேறுபாடும் தானே விளங்கும்.